கட்டுமானப் படிமங்களின் வரவும் ஓய்வும்

மென்பொருள் எழுதும் தொழிலில் இருப்போர் பலர்க்கு என்றேனும் ஒரு நாள் காலையில் நேரும் அனுபவம் ஒன்று உண்டு. நேற்று மாலை எல்லாச் சோதனைகளிலும் தேறிய நிரல் இன்று காலையில் தேறவில்லை. இடையில் எவரும் அதில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. வரிவரியாகப் படித்துப் பார்த்தாலும் பிழை அகப்படுவதில்லை. பிழை நிரலில் இல்லை. நிரலைக் கட்டிச் சோதிக்கும் இடமே இரவோடிரவாக மாறிவிட்டது என்பது பாதி நாள் வீணான பிறகே புலப்படும்.

அந்த இடத்தைத்தான் 'பில்டு இமேஜ்' என்று துறையினர் அழைக்கின்றனர். தமிழில் அதனைக் கட்டுமானப் படிமம் எனலாம். ஒரு படிமம் எப்பொழுது வெளியிடப்படுகின்றது, எத்தனை காலம் உழைக்கின்றது, எவ்வாறு ஓய்வு பெறுகின்றது என்பனவற்றிற்கெல்லாம் விதிமுறைகள் உள. அவற்றை அறிந்தவருக்கு மேற்கூறிய காலைப் பொழுது வியப்பளிக்காது; அறியாதவருக்கு அது மீண்டும் மீண்டும் வரும்.

தொடர் ஒருங்கிணைப்பு

பத்துப் பேர் கூடி ஒரு மென்பொருளை எழுதுகின்றனர் என்று கொள்வோம். ஒவ்வொருவரும் தம் பகுதியைத் தனியே எழுதி வைத்திருந்து, மூன்று திங்கள் கழித்து ஒன்றுசேர்த்தால், ஒருவர் எழுதியது மற்றவர் எழுதியதோடு பொருந்தாமற் போகும். முரண் எங்கே தொடங்கியது என்று தேடுவதே பெரும்பாடாகிவிடும். எழுதியதை அன்றன்றே பொதுத் தொகுதியிற் சேர்த்து, சேர்த்த உடனே கட்டிச் சோதித்தால், முரண் சிறிதாக இருக்கும்போதே வெளிப்பட்டுவிடும். இம்முறைக்குத் தொடர் ஒருங்கிணைப்பு என்று பெயர்.

இச்சொல்லை 1991ஆம் ஆண்டில் கிரேடி பூச் என்னும் அமெரிக்க அறிஞர் கையாண்டார். 1990களின் பிற்பகுதியில் கென்ட் பெக் முதலியோர் வகுத்த எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்னும் முறை இதனை அன்றாடப் பழக்கமாக்கிற்று. 2000ஆம் ஆண்டில் மார்ட்டின் ஃபவுலர் எழுதிய கட்டுரை இதனைப் பலரிடமும் கொண்டு சேர்த்தது. 2001இல் குரூஸ்கண்ட்ரோல் என்னும் கருவி வந்தது. அதன் பின் ஹட்சன் வந்தது. அதிலிருந்து 2011இல் ஜென்கின்ஸ் என்னும் பெயரோடு பிரிந்த கருவி இன்றும் பெருவழக்காக இருந்து வருகின்றது.

தொடக்க காலத்தில் அலுவலகத்தின் ஒரு மூலையில் ஒரு கணினி இப்பணிக்கென வைக்கப்பட்டிருக்கும். ஒருவர் அதில் ஒரு கருவியை நிறுவுவார். வேறொருவர் ஒரு நூலகத்தைப் புதுப்பிப்பார். மூன்றாமவர் ஏதோ ஓர் அமைப்பை மாற்றிவிட்டு மறந்துவிடுவார். ஈராண்டு சென்றபின் அக்கணினியில் என்னென்ன உள்ளன என்பதை எவராலும் சொல்ல இயலாது. அது பழுதுற்றால் அதைப் போன்ற மற்றொன்றை ஆக்குவதும் இயலாது.

படிமம் என்பது யாது?

இக்குறையைப் போக்கவே படிமம் வந்தது. இயங்குதளம், தொகுப்பிகள், பைத்தான், ஜாவா போன்ற மொழிகள், சோதனைக் கருவிகள் ஆகிய யாவற்றையும் ஒருமுறை ஒழுங்காக நிறுவி, அந்நிலையை அப்படியே உறையவைத்துச் சேமித்ததே படிமம் ஆகும். வேலை ஒன்று வரும்போதெல்லாம் அப்படிமத்திலிருந்து புதிய இயந்திரம் ஒன்று உண்டாக்கப்படும். அது நிரலைக் கட்டும், சோதிக்கும், முடிவைச் சொல்லும், பின்னர் அழிக்கப்படும். அடுத்த வேலைக்கு மீண்டும் ஒரு புதிய இயந்திரம். முன்னே எழுதியவனின் கிறுக்கல் ஏதுமின்றித் துடைத்த பலகையை ஒவ்வொரு மாணவனுக்கும் கொடுப்பது போன்றது இது.

படிமங்கள் பெரும்பாலும் இருவகைப்படும். முழுக் கணினியையும் போல இயங்கும் மெய்நிகர் இயந்திரத்திற்கான படிமம் ஒருவகை. 2013இல் டாக்கர் என்னும் கருவி வந்தபின் பரவிய கொள்கலப் படிமம் மற்றொரு வகை. முன்னது பெரியது; பல நூறு கருவிகள் அதில் இருக்கும். பின்னது சிறியது, ஒரு வேலைக்கு வேண்டியதை மட்டும் தாங்கியிருக்கும்.

பெரும்பாலான நிரலர்கள் தம் படிமத்தைத் தாமே செய்வதில்லை. கிட்ஹப், சர்க்கிள்சிஐ போன்ற நிறுவனங்கள் செய்து வைத்திருப்பதைக் கடன் பெறுவது போலப் பெற்றுப் பயன்படுத்துகின்றனர். எண்ணற்ற மென்பொருள்கள் ஒரே படிமத்தைச் சார்ந்து நிற்பது இதனாலேயே. அதனை ஆக்குவோர் எடுக்கும் ஒரு முடிவு உலகெங்கும் உள்ள நிரலர்களின் காலை வேளையைத் தீர்மானிக்கின்றது.

உறைந்த பொருள் முதுமையடைவது எவ்வாறு?

உறையவைத்த பொருளுக்கு முதுமை ஏது என்று வினவலாம். படிமம் மாறுவதில்லை என்பது மெய்யே. ஆனால் அதனைச் சூழ்ந்த உலகம் மாறிக்கொண்டே இருக்கின்றது.

முதற்காரணம் பாதுகாப்பு. படிமத்தின் அடித்தளமாகிய இயங்குதளத்தில் நாள்தோறும் குறைகள் கண்டறியப்படுகின்றன. அவற்றைத் திருத்தித் தருவோர் ஒரு காலவரைக்குள் மட்டுமே அப்பணியைச் செய்வர். உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நீண்டகாலப் பதிப்பு ஈராண்டுக்கு ஒருமுறை ஏப்ரல் மாதத்தில் வெளிவரும். ஒவ்வொன்றிற்கும் பொதுவான ஆதரவு ஐந்தாண்டுகள். 2018 ஏப்ரலில் வந்த 18.04 பதிப்பிற்கு 2023 மே மாதத்திலும், 2020 ஏப்ரலில் வந்த 20.04 பதிப்பிற்கு 2025 மே மாதத்திலும் அவ்வாதரவு முடிந்தது. அதன் பின்னும் அப்பதிப்பின் மேல் பொதுமக்களுக்கான படிமத்தை நடத்துவது, பூட்டு உடைந்த அறையை வாடகைக்கு விடுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது காரணம், படிமம் தனித்து இயங்குவதில்லை என்பது. வேலை நடக்கும்போது அது வெளியுலகிலிருந்து பொதிகளை இறக்கிக்கொள்கின்றது. அவ்வழி அடைபட்டால் படிமம் நன்றாக இருந்தும் பயனில்லை. சென்ட்ஓஎஸ் 8 என்னும் இயங்குதளத்தின் ஆயுள் 2021 டிசம்பர் 31உடன் முடிந்தது. ஒரு மாதம் சென்று, 2022 ஜனவரி இறுதியில் அதன் பொதிகள் வழக்கமான இடத்திலிருந்து எடுக்கப்பட்டு, பழையனவற்றைக் காக்கும் களஞ்சியத்திற்கு மாற்றப்பட்டன. அதனைத் தொடர்ந்து, அத்தளத்தின் மேல் கட்டிய படிமங்கள் பொதிப் பட்டியலை இறக்க முடியாமல் நின்றுவிட்டன. 2024 ஜூன் 30இல் சென்ட்ஓஎஸ் 7 ஓய்வு பெற்றபோதும் இதே கதை மீண்டும் நடந்தது. முதல் நிகழ்ச்சியிலிருந்து இரண்டரை ஆண்டுகள் கடந்திருந்தும் பலர் பாடம் கற்கவில்லை.

மூன்றாவது காரணம் உழைப்பு. ஒரு படிமத்தை வைத்திருப்பது என்பது கோப்பு ஒன்றை அலமாரியில் வைப்பதன்று. அதனை வாரந்தோறும் புதிதாகக் கட்ட வேண்டும். ஒவ்வொரு கருவியையும் சோதிக்க வேண்டும். குறை கூறுவோர்க்கு விடை தர வேண்டும். பழையது ஒன்றைக் கூடுதலாகத் தாங்கும்போது புதியதற்குச் செலவிட வேண்டிய நேரம் குறைகின்றது.

வெளியிடும் முறை

கிட்ஹப் நிறுவனத்தின் முறை பலரும் அறிந்தது, வெளிப்படையானதுமாகும். படிமங்களைச் செய்யும் குறிப்புகள் யாவும் பொதுவில் வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு வெளியீட்டிலும் எந்தக் கருவி எந்தப் பதிப்பில் உள்ளது என்னும் பட்டியலும் உடன் வருகின்றது. ஒரு வேலை தோற்றால், அது எந்த நாளில் செய்த படிமத்தின் மேல் நடந்தது என்பதைப் பதிவேட்டில் பார்த்து, முந்திய வாரத்துப் பட்டியலோடு ஒப்பிடலாம்.

இங்கே இருவகை மாற்றங்களைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று வாரந்தோறும் நிகழும் சிறு மாற்றம். உபுண்டு 22.04 படிமம் என்னும் பெயர் மாறாது. உள்ளே உள்ள கருவிகள் புதுப்பிக்கப்படும். புதிய வெளியீடு ஒரே நாழிகையில் எல்லா இயந்திரங்களுக்கும் போவதில்லை. சிறிது சிறிதாகப் பரவும். எங்கேனும் கேடு தெரிந்தால் பரவலை நிறுத்தலாம் என்பதே இதன் நோக்கம்.

மற்றொன்று தலைமுறை மாற்றம். புதிய இயங்குதளப் பதிப்பிற்கான படிமம் முதலில் சோதனை நிலையில் வெளிவரும். துணிந்தவர் அதனைப் பயன்படுத்திக் குறை கூறுவர். குறைகள் தீர்ந்தபின் அது பொதுப் பயனுக்கு உரியதென அறிவிக்கப்படும். அந்நிறுவனம் தன் கொள்கையை இவ்வாறு வகுத்தது: ஓர் இயங்குதளக் குடும்பத்தில் பொதுப் பயனுக்கு உரியவை இரண்டும், சோதனை நிலையில் ஒன்றுமே ஒரு காலத்தில் இருக்கலாம். புதியது ஒன்று பொதுப் பயனுக்கு வந்தவுடன், இருப்பவற்றுள் மூத்ததன் ஓய்வு தொடங்கும்.

இவ்விதியின் சிறப்பு அதன் எளிமையில் உள்ளது. எந்தப் படிமம் அடுத்து ஓய்வு பெறும் என்பதை எவரிடமும் கேட்க வேண்டுவதில்லை. புதியது வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட அன்றே, பழையதன் நாட்கள் எண்ணப்படுகின்றன என்று அறிந்துகொள்ளலாம்.

'லேட்டஸ்ட்' என்னும் பெயர்

கட்டுரையின் தொடக்கத்திற் கூறிய காலைப்பொழுது பெரும்பாலும் எதனால் வருகின்றது? ஒரு பெயரால் வருகின்றது. படிமத்தைக் கேட்கும்போது நிரலர் இரு வழிகளில் கேட்கலாம். 'உபுண்டு 22.04' என்று பதிப்பெண்ணோடு கேட்கலாம். 'உபுண்டு லேட்டஸ்ட்', அதாவது 'உள்ளவற்றுள் புதியது' என்றும் கேட்கலாம். இரண்டாவது வழி எளிது. ஒருமுறை எழுதிவிட்டால் மறந்துவிடலாம். அந்த மறதியே பின்னர்த் தொல்லையாகின்றது.

'லேட்டஸ்ட்' என்பது ஒரு பொருளின் பெயரன்று. ஒரு பதவியின் பெயர். 'தலைமையாசிரியர்' என்று உறையின் மேல் எழுதினால் கடிதம் இன்று ஒருவருக்கும், அவர் மாற்றலாகிப் போனபின் வேறொருவருக்கும் போய்ச் சேரும். அதுபோலவே 2022ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் அப்பதவி 20.04இலிருந்து 22.04க்குச் சென்றது. பின்னர் 2024 டிசம்பர் 5 முதல் 2025 ஜனவரி 17 வரை 22.04இலிருந்து 24.04க்குச் சென்றது.

முதல் மாற்றத்தில், இணையப் பூட்டுச் சாவியை ஆளும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் நூலகம் 1.1.1இலிருந்து 3.0க்கு உயர்ந்தது. பழைய நூலகத்தை நம்பியிருந்த சில பழைய மொழிப்பதிப்புகள் அதனால் கட்டப்படவில்லை. இரண்டாவது மாற்றத்தில் பைத்தான் 3.12க்கு உயர்ந்தது. அப்பதிப்பிலிருந்து 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்னும் பழைய பகுதி அறவே நீக்கப்பட்டிருந்தது; அதனை எதிர்பார்த்த நிரல்கள் நின்றன. மேலும், வட்டில் போதிய இடம் வேண்டும் என்பதற்காக முந்திய படிமத்தில் இருந்த சில கருவிகள் புதியதிற் சேர்க்கப்படவில்லை. 'எப்பொழுதும் இருக்குமே' என்று எண்ணியிருந்தவர்களுக்கு அவை இல்லாமற் போயின.

இன்னொரு நுட்பமும் இங்கே கவனிக்கத்தக்கது. இம்மாற்றம் வாரக்கணக்கில் சிறிது சிறிதாக நடந்தது. அவ்வாரங்களில் ஒரே நிரல் காலையில் பழைய படிமத்தில் தேறும். மாலையில் புதியதில் தோற்கும். மறுநாள் மீண்டும் தேறும். காரணம் அறியாதவர்க்கு இது பேய்க்கூத்தாகத் தோன்றும். பதிவேட்டில் படிமத்தின் பெயரைப் பார்த்தவர்க்கோ ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

ஓய்வு கொடுக்கும் முறை

ஓய்வு அறிவிப்பு வேறு, நீக்கம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வது பலர் செய்யும் பிழை. 'இனி இதனைப் புதிதாகப் பயன்படுத்த வேண்டா. இருப்போர் வேறிடம் செல்க' என்பது ஓய்வு அறிவிப்பு. அதன் பின்னும் படிமம் இயங்கும். 'இந்நாள் முதல் இது கிடையாது' என்பது நீக்கம். பள்ளிப் பாடத்திட்டம் மாறும்போது பழைய புத்தகத்தை அன்றே எரிப்பதில்லை. இறுதி வகுப்பு மாணவர் பழையதிலேயே தேர்வெழுதி முடிக்கட்டும், கீழ் வகுப்பினர் புதியதிற் தொடங்கட்டும் என்று சில ஆண்டுகள் இரண்டும் நடக்கும். இடைப்பட்ட அக்காலத்தின் நீளமும் ஒழுங்குமே கொள்கையின் தரத்தைக் காட்டும்.

சர்க்கிள்சிஐ நிறுவனம் தன் பழைய கொள்கலப் படிமங்களின் வரிசைக்கு 2021 டிசம்பர் 31ஆம் நாளை ஓய்வு நாளாகக் குறித்தது. அவற்றிற்கு மாற்றான புதிய வரிசையை 2020இலேயே வெளியிட்டிருந்தது. மாற்று முன்னே வர, ஓய்வு பின்னே வருவதே முறை. புதிய வீடு கட்டுமுன் பழைய வீட்டை இடித்தால் குடியிருப்போர் தெருவில் நிற்பர்.

கிட்ஹப் நிறுவனத்தின் உபுண்டு 16.04 படிமம் 2021 செப்டம்பர் 20இல் நீக்கப்பட்டது. 18.04இன் ஓய்வு 2022 ஆகஸ்ட் 8இல் தொடங்கியது. நீக்கம் முதலில் அவ்வாண்டு டிசம்பரில் என்று கூறப்பட்டுப் பின்னர் 2023 ஏப்ரல் 3க்குத் தள்ளிவைக்கப்பட்டது. 20.04 படிமம் 2025 ஏப்ரல் 15இல் நீக்கப்பட்டது. பின்னிரண்டும் உபுண்டுவின் ஆதரவு முடியும் மே மாதத்திற்குச் சற்று முன்னர் அமைந்தன என்பது காணத்தக்கது.

தவணையைத் தள்ளிவைப்பது நன்றா, தீதா? தவணை குறுகியதென்று பயனர் முறையிட்டபோது நீட்டுவது இரக்கமே. ஆயினும் ஒவ்வொரு முறையும் நீட்டினால் அடுத்த தவணையை எவரும் நம்பார். பரீட்சையை இருமுறை தள்ளிவைத்த பள்ளியில் மூன்றாம் முறை மாணவர் படிக்கத் தொடங்குவதில்லை. முதலிலேயே போதிய காலம் கொடுத்து, பின்னர் அதில் உறுதியாக நிற்பதே இருசாரார்க்கும் நலம்.

மங்கல் நேரம்

அறிவிப்புகளைப் பெரும்பாலோர் படிப்பதில்லை என்பது கசப்பான உண்மை. கடிதம் எழுதினாலும், வேலையின் பதிவேட்டில் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டினாலும், வேலை தேறிக்கொண்டிருக்கும் வரையில் எவரும் அதனைத் திறந்து பார்ப்பதில்லை. ஆகவே ஓர் உத்தி கையாளப்படுகின்றது. மின்சாரம் குறைந்து விளக்கு மங்குவதை ஆங்கிலத்தில் 'பிரௌன்அவுட்' என்பர். அச்சொல்லே இவ்வுத்திக்கும் பெயராயிற்று.

நீக்க நாளுக்குச் சில வாரங்களுக்கு முன்னரே, குறிப்பிட்ட நாட்களில், குறிப்பிட்ட சில மணி நேரத்திற்கு மட்டும் பழைய படிமத்தைக் கேட்கும் வேலைகள் யாவும் வேண்டுமென்றே தோல்வியுறச் செய்யப்படும். நேரம் கடந்ததும் மீண்டும் பழையபடி நடக்கும். எந்நாள், எம்மணி என்பது முன்கூட்டியே வெளியிடப்படும். 18.04க்கும் 20.04க்கும் இவ்வாறே செய்யப்பட்டது.

இது கொடுமை போலத் தோன்றினும் உண்மையில் கருணையே. தோல்வியுற்ற வேலை, தேறிய வேலையில் காட்டிய நூறு எச்சரிக்கைகளைவிட உரக்கப் பேசும். நீக்க நாளன்று முதன்முதலாக அதிர்ச்சி அடைவதைவிட, மீள்வதற்கு வழி இருக்கும்போதே ஒரு மதிய வேளை அதிர்ச்சியடைவது மேல். தீயணைப்புப் பயிற்சிக்காக மணியடித்துப் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்புவது பாடத்தைக் கெடுக்கின்றது என்று எவரும் கூறுவதில்லை.

ஆயினும் அதற்கும் எல்லை உண்டு. நாள்தோறும் வேலை நடக்கும் மென்பொருளுக்கே மங்கல் நேரம் பயன்படும். ஆண்டுக்கு இருமுறை மட்டும் திருத்தப்படும் சிறு மென்பொருளின் மேல் அம்மணிகள் படாமலே கடந்து போகும். இங்கேதான் உண்மையான இடர் இருக்கின்றது. அத்தகைய மென்பொருளை ஊதியமின்றி, ஓய்வு நேரத்தில் காத்து வருவோர் பலர். ஈராண்டு அமைதியாக இருந்த அதில் ஒருநாள் பாதுகாப்புக் குறை ஒன்று வெளிப்படுகின்றது. திருத்தம் இரண்டே வரி. பத்து நிமிட வேலை. எழுதி அனுப்பினால், கட்டுவதற்குக் கேட்ட படிமம் இல்லை. புதிய படிமத்திற்கு மாறினால், வேறு ஏழெட்டு இடங்களில் பொருந்தவில்லை. பத்து நிமிடத் திருத்தம் பத்து நாள் தாமதமாகின்றது. அப்பத்து நாட்களும் குறையுள்ள பதிப்பே எல்லார் கணினியிலும் ஓடிக்கொண்டிருக்கும்.

பழமையை வேண்டி நிற்போர்

பழைய படிமத்தை விடாதவரெல்லாம் சோம்பர் என்று எண்ணுதல் தவறு. பழமையே தேவையாக இருக்கும் தொழிலும் உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு மென்பொருளும் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகம் ஜிலிப்சி என்பதாகும். பழைய ஜிலிப்சியின் மேல் கட்டிய மென்பொருள் புதியதில் ஓடும். புதியதன் மேல் கட்டியது பழையதில் ஓடாமற் போகலாம். ஆகவே எல்லாருடைய கணினியிலும் ஓட வேண்டும் என்று விரும்புவோர் மிகப் பழைய இயங்குதளத்தின் மேல் கட்ட வேண்டியவராகின்றனர்.

பைத்தான் மொழியினர் இதற்கென்றே மெனிலினக்ஸ் என்னும் படிம வரிசையை ஏற்படுத்தினர். 2016இல் வகுத்த முதல் வகை சென்ட்ஓஎஸ் 5இன் மேலும், அடுத்தது சென்ட்ஓஎஸ் 6இன் மேலும், அதற்கடுத்தது சென்ட்ஓஎஸ் 7இன் மேலும் அமைந்தன. ஆனால் அடித்தளங்களோ ஒவ்வொன்றாய் ஓய்வு பெற்றன: முதலாவது 2017 மார்ச்சிலும், இரண்டாவது 2020 நவம்பரிலும், மூன்றாவது 2024 ஜூனிலும். பழமையை வேண்டி நின்றவர்களும் காலத்தோடு நகர வேண்டியதாயிற்று.

அவர்கள் கண்ட தீர்வு அறிவுக்குரியது. படிமத்தின் பெயரில் ஆண்டை வைப்பதை விட்டு, ஜிலிப்சியின் பதிப்பெண்ணையே வைத்தனர். 'மெனிலினக்ஸ் 2.28' என்றால் ஜிலிப்சி 2.28உம் அதற்கு மேற்பட்டதும் உள்ள இடங்களில் ஓடும் என்பது பெயரிலேயே விளங்கும். அப்படிமம் அல்மாலினக்ஸ் 8இன் மேல் அமைந்துள்ளது. பெயர் ஒரு வாக்குறுதி. அது எதனை வாக்களிக்கின்றது என்பது தெளிவாக இருத்தல் வேண்டும்.

முற்றிலும் உறையவைத்தால்?

கொள்கலப் படிமங்களில் மற்றொரு வழி உண்டு. ஒவ்வொரு படிமத்திற்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணித்த கைரேகை போன்ற குறியீடு ஒன்று உண்டு. அதற்கு அறுபத்து நான்கு எழுத்து நீளம். ஓர் எழுத்து உள்ளே மாறினாலும் குறியீடு முழுவதும் மாறிவிடும். பெயருக்குப் பதிலாக அக்குறியீட்டைக் கொடுத்துக் கேட்டால் என்றும் அதே படிமமே வரும்.

இது மருந்து, உணவன்று. குறியீட்டால் கட்டிய படிமத்திற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக வாரா. அதனை வைத்திருக்கும் களஞ்சியம் ஒருநாள் அதனை அழித்துவிடவும் கூடும். எல்லாவற்றிற்கும் மேலாக, மேலே கண்ட சென்ட்ஓஎஸ் நிகழ்ச்சி காட்டுவது போல, படிமம் மாறாவிட்டாலும் அது நாடும் வெளியுலகம் மாறிவிடும். உறையவைத்த படிமத்தை வைத்திருந்தோரும் 2022 ஜனவரி இறுதிக்குப் பின் பொதி கிடைக்காமல் நின்றனர். ஆகவே குறியீட்டால் கட்டுவோர், குறித்த இடைவெளியில் அதனைத் தாமே மாற்றும் பழக்கத்தையும் உடன் கொள்ளுதல் வேண்டும். எப்பொழுது மாறுவது என்பதைப் பிறர் முடிவு செய்வதற்குப் பதிலாகத் தாமே முடிவு செய்வதுதான் அதன் பயன், மாறாமலே இருப்பதன்று.

நல்ல கொள்கையின் இலக்கணம்

இதுவரை கண்டவற்றிலிருந்து படிமம் வழங்குவோர்க்குரிய நெறிகளைத் தொகுத்துக் கூறலாம். எத்தனை தலைமுறைகள் ஒரே காலத்தில் இருக்கும் என்பதை முன்பே எழுதி வைத்தல் வேண்டும். மாற்றுப் படிமம் பொதுப் பயனுக்கு வந்த பின்னரே பழையதற்கு ஓய்வு அறிவித்தல் வேண்டும். ஓய்வு நாளையும் நீக்க நாளையும் தனித்தனியே, நாள் திங்கள் ஆண்டோடு கூறுதல் வேண்டும். உள்ளடக்கப் பட்டியலை ஒவ்வொரு வெளியீட்டோடும் தருதல் வேண்டும். மங்கல் நேரங்களை முன்னறிவித்து நடத்துதல் வேண்டும். நீக்கியபின், வேலை ஏன் நடக்கவில்லை என்பதைத் தெளிந்த சொற்களிற் பயனருக்குக் காட்டுதல் வேண்டும். இல்லாத இயந்திரத்திற்காகக் காத்திருக்க விடுதல் முறையன்று.

பயன்படுத்துவோர்க்கும் கடமை உண்டு. வெளியிடும் மென்பொருளைக் கட்டும்போது 'லேட்டஸ்ட்' என்று கேளாமல் பதிப்பெண்ணோடு கேட்டல் முதற்கடமை. அதே வேளையில், வாரம் ஒருமுறை புதிய படிமத்திலும் ஒரு வெள்ளோட்டம் விட்டுப் பார்த்தல் இரண்டாவது. அவ்வெள்ளோட்டம் தோற்றால் வெளியீடு நிற்காது. ஆனால் வரப்போவது என்ன என்பது ஓராண்டுக்கு முன்னரே தெரிந்துவிடும். மூன்றாவது, படிமத்தில் தற்செயலாக இருக்கும் கருவியை நம்பாமல், தமக்கு வேண்டியதைத் தாமே பெயர் சொல்லி நிறுவிக்கொள்ளுதல். நான்காவது, உறங்கும் மென்பொருளையும் திங்களுக்கு ஒருமுறையேனும் எழுப்பிக் கட்டிப் பார்த்தல். கால அட்டவணையிட்டுத் தானே நடக்கும்படி இதனை அமைப்பது எளிது. ஆயினும் நெடுநாள் அசைவின்றிக் கிடக்கும் பொதுத் தொகுதிகளில் அவ்வட்டவணையையே நிறுத்திவிடும் வழக்கமும் கிட்ஹப்பில் உண்டு. ஆதலால் நாட்காட்டியிலும் ஒரு குறிப்பு எழுதி வைப்பது நன்று.

பழையது போவது குற்றமன்று. சொல்லாமற் போவதும், மாற்று இல்லாமற் போவதுமே குற்றம். அவ்வாறே, பழையதை நம்பியிருப்பதும் குற்றமன்று. எதனை நம்பியிருக்கின்றோம் என்பதையே அறியாதிருப்பதுதான் குற்றம். ஒரு மென்பொருள் எந்தப் படிமத்தின் மேல் கட்டப்படுகின்றது, அதன் ஆதரவு எந்த நாளில் முடிகின்றது என்னும் இரண்டு வினாக்களுக்கு அதனைக் காப்பவர் ஒரு தாளில் விடையெழுதி வைத்திருந்தால், தொடக்கத்திற் கூறிய அந்தக் காலைப் பொழுது அவருக்கு வாராது. வந்தாலும், முதல் ஐந்து நிமிடங்களில் எங்கே நோக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.